சம்பளத்துல வரி பிடிச்சாங்க சரி, கட்டினாங்களா? சின்ன கம்பெனியில வேலை பாக்குறவங்களுக்கான டிடிஎஸ் கணக்கு

ஜூன் மாசம் வந்தாலே எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "அக்கா, எங்க ஆபீஸ்ல இன்னும் ஃபார்ம் 16 தரல, நான் என்ன பண்றது?" பெரிய ஐடி கம்பெனியில இருக்கிறவங்க இதைக் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு அது மெயில்ல தானா வந்து விழும். கேக்கிறவங்க எல்லாம் பத்து பேர், இருபது பேர் வேலை பாக்குற இடத்துல இருக்கிறவங்க. அங்க ஹெச்ஆரும் முதலாளிதான், அக்கவுண்ட்ஸும் முதலாளிதான். மிஞ்சிப் போனா வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து போற ஒரு பார்ட் டைம் அக்கவுண்டன்ட் இருப்பார்.

உண்மையில ஃபார்ம் 16 வரலைங்கிறது பிரச்சினையோட வெளித்தோற்றம் மட்டும்தான். அதுக்குப் பின்னாடி உங்க முதலாளி வருஷம் முழுக்க செய்ய வேண்டிய ஒரு வேலைச் சங்கிலி இருக்கு. அந்தச் சங்கிலியில எங்கேயோ ஒரு கண்ணி அறுந்திருக்குன்னு அர்த்தம். எங்க அறுந்துதுன்னு தெரிஞ்சாத்தான் நீங்க என்ன பண்ணணும்னு சொல்ல முடியும். அதனால இன்னைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்து பார்ப்போம்.

2024-ல நடந்த ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கோயம்புத்தூர்ல பதினாலு பேர் வேலை பார்க்கிற ஒரு டிசைன் கம்பெனி. அங்க வேலை பார்த்த ஒரு தம்பி எனக்கு மெயில் பண்ணியிருந்தார். மாசச் சம்பளம் 80,000. வருஷத்துக்கு 9,60,000. 2023-24 நிதியாண்டு, புது வரி முறை. நிலையான கழிவு 50,000 போனா 9,10,000. அதுக்கு வரி 46,500, செஸ் 4 சதவீதம் சேர்த்தா 48,360. மாசா மாசம் 4,030 ரூபாய் சரியா பிடிச்சிருக்காங்க, பே ஸ்லிப்ல தெளிவா இருக்கு. ஜூன் 15 தாண்டியும் ஃபார்ம் 16 வரல. கேட்டா "ஆடிட்டர் ஊர்ல இல்லப்பா" அப்படின்னு பதில். சரி, பே ஸ்லிப்தான் இருக்கேன்னு 48,360 டிடிஎஸ் போட்டு ஜூலையில ஐடிஆர் தாக்கல் பண்ணிட்டார்.

அக்டோபர்ல பெங்களூரு சிபிசியிலிருந்து இன்டிமேஷன் வந்தது. உங்க பேர்ல எங்களுக்கு வந்திருக்கிற டிடிஎஸ் 36,270 மட்டும்தான், மீதி 12,090 ரூபாயை வட்டியோட கட்டுங்கன்னு டிமாண்ட். 12,090-ஐ 4,030-ஆல வகுத்துப் பாருங்க. சரியா மூணு மாசம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். சம்பளத்துலேர்ந்து பணம் போயிருக்கு, அரசாங்கத்துக்குப் போய்ச் சேரல.

"நான் ஏற்கனவே கட்டின வரியை மறுபடியும் கட்டணுமா அக்கா?" அப்படின்னு கேட்டார். அதுக்கான பதிலுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தச் சங்கிலியைப் பார்த்துடலாம்.

முதலாளியோட வருஷ காலண்டர்

சம்பளத்துல வரி பிடிக்கிற எந்த முதலாளிக்கும் முதல்ல டான் நம்பர் வேணும். பான் மாதிரியே பத்து எழுத்து, ஆனா இது வரி பிடித்தம் செய்றவங்களுக்கான நம்பர். சம்பளம் கொடுக்கும்போதே வரியைப் பிடிக்கணும்னு 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தோட 192-வது பிரிவு சொல்லுது. உங்க வருஷ சம்பளத்தை மதிப்பிட்டு, வர்ற மொத்த வரியைப் பன்னிரண்டால வகுத்து, மாசா மாசம் பிடிக்கிறது. அப்படிப் பிடிச்ச பணத்தை அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள்ள கட்டணும். மார்ச் மாசப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரைக்கும் டைம்.

பணம் கட்டினா மட்டும் வேலை முடியல. இங்கதான் நிறைய சின்ன கம்பெனி கோட்டை விடுது. சலான்ல பணம் கட்டும்போது "இந்த டான்காரர் இவ்வளவு கட்டினார்" அப்படின்னு மட்டும்தான் துறைக்குத் தெரியும். அதுல உங்க பங்கு எவ்வளவுன்னு தெரியாது. அதைச் சொல்றதுக்குத்தான் காலாண்டு அறிக்கை. சம்பளத்துக்கு அது 24க்யூ. ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமானதை ஜூலை 31-க்குள்ள, அடுத்ததை அக்டோபர் 31-க்குள்ள, மூணாவதை ஜனவரி 31-க்குள்ள, கடைசிக் காலாண்டை மே 31-க்குள்ள போடணும். ஒவ்வொரு ஊழியரோட பான், சம்பளம், பிடித்தம், எந்தச் சலான்ல கட்டினது, எல்லாம் அதுல போகும்.

கடைசிக் காலாண்டு அறிக்கை மத்த மூணை மாதிரி இல்ல. அதுல இரண்டாவது இணைப்புன்னு ஒண்ணு உண்டு. வருஷம் முழுக்க ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு சம்பளம், எந்த வரி முறை, என்ன கழிவு கொடுத்தோம், மொத்த வரி எவ்வளவு, இதையெல்லாம் அதுலதான் நிரப்பணும். முதலாளியோட வருடாந்திரக் கடமைன்னு சொன்னா அதோட மையம் இதுதான். ஏன்னா இந்த அறிக்கை போன பிறகுதான் ட்ரேசஸ் தளத்திலிருந்து உங்க ஃபார்ம் 16-ஐ டவுன்லோட் பண்ண முடியும். பகுதி ஏ-யில எவ்வளவு பிடிச்சுக் கட்டினாங்கன்னு இருக்கும். பகுதி பி-யில சம்பள விவரமும் வரிக் கணக்கும் இருக்கும். ரெண்டையும் ஜூன் 15-க்குள்ள உங்க கையில கொடுக்கணும்.

ஆக "ஃபார்ம் 16 ரெடி ஆகல" அப்படின்னு யாராவது சொன்னா, பெரும்பாலும் "நாலாவது காலாண்டு 24க்யூ போடல" அப்படின்னு மொழிபெயர்த்துக்கோங்க. அது போடலைன்னா காரணம் ரெண்டுல ஒண்ணு. சோம்பேறித்தனம், இல்லைன்னா பணமே கட்டல. முதல் காரணம் பரவாயில்ல.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. சில இடத்துல எக்செல்லயோ வேர்ட்லயோ அடிச்சு, கம்பெனி சீல் வச்சு "இந்தா ஃபார்ம் 16" அப்படின்னு கொடுத்துடுவாங்க. பேங்க் லோனுக்கு அதைக் கொண்டு போனவங்களையும் பார்த்திருக்கேன். ட்ரேசஸ் லோகோவும் சான்றிதழ் எண்ணும் இல்லாத பகுதி ஏ, ஃபார்ம் 16 கிடையாது.

முதலாளி ஏன் கட்ட மாட்டேங்கிறார்?

எல்லாரும் மோசடிக்காரங்கன்னு நான் சொல்ல வரல. நானே சின்ன கம்பெனிகளுக்குத்தான் கணக்கு பார்க்கிறேன். மாசம் 7-ம் தேதி டிடிஎஸ், 15-ம் தேதி பிஎஃப், 20-ம் தேதி ஜிஎஸ்டி. நடுவுல வாடகை, இஎம்ஐ. கஸ்டமர் கிட்டேர்ந்து வர வேண்டிய பேமெண்ட் மூணு மாசம் இழுக்கும். பேங்க் அக்கவுண்ட்ல ஊழியர்கள் கிட்ட பிடிச்ச வரிப் பணம் சும்மா இருக்கிற மாதிரி தெரியும். "அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாம் மேடம்" அப்படின்னு ஆரம்பிப்பாங்க. ஒரு தடவை ஆரம்பிச்சா அது நிக்கறது கஷ்டம்.

ஆனா அந்தப் பணம் அவங்க பணம் இல்ல. கணக்குப் பார்த்தா, கடன் வாங்கிக் கட்டினாலும் அதைவிட மலிவா இருக்கும். கோயம்புத்தூர் கம்பெனியையே எடுத்துக்கோங்க. அங்க வரி வரம்புக்குள்ள வந்தவங்க எட்டு பேர், எல்லாரும் ஏறக்குறைய அதே சம்பளம். மாசம் 32,240, மூணு மாசத்துக்கு 96,720 ரூபாய். பிடிச்சுட்டுக் கட்டலைன்னா 201-வது பிரிவுப்படி மாசத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. மாசத்தோட ஒரு பகுதி வந்தாலும் முழு மாசமாத்தான் எண்ணுவாங்க, அதுவும் பிடிச்ச தேதியிலேர்ந்து. பிப்ரவரி 28 சம்பளத்துல பிடிச்சதை மார்ச் 8-ம் தேதி கட்டினா, ஒரே ஒரு நாள் லேட்டுக்கு ட்ரேசஸ் ரெண்டு மாச வட்டி போடும். இவங்க டிசம்பர் முதல் வாரத்துலதான் கட்டினாங்க. ஜனவரி பணத்துக்குப் பன்னிரண்டு மாசம், பிப்ரவரிக்குப் பதினொண்ணு, மார்ச்சுக்குப் பத்து. வட்டி மட்டும் சுமார் 16,000.

அதோட நிக்கல. 24க்யூ லேட்டானா 234இ பிரிவுப்படி நாளுக்கு 200 ரூபாய். டிசம்பர் 10-ம் தேதி போட்டாங்க, மே 31-லேர்ந்து 193 நாள், 38,600 ரூபாய். அந்த லேட் ஃபீஸ் டிடிஎஸ் தொகையைத் தாண்டக் கூடாதுங்கிறது மட்டும்தான் ஒரே ஆறுதல். ரெண்டையும் கூட்டினா 54,000-க்கு மேல. 96,720 ரூபாயைக் கொஞ்ச நாள் கையில வச்சிருந்ததுக்கு.

இதுக்கு மேல 271எச் பிரிவுல 10,000-லேர்ந்து ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். முன்னாடியெல்லாம் லேட் ஃபீஸும் வட்டியும் கட்டி ஒரு வருஷத்துக்குள்ள அறிக்கை போட்டுட்டா இந்த அபராதம் வராது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த ஒரு வருஷம் ஒரு மாசமா சுருங்கிடுச்சு. ஃபார்ம் 16 கொடுக்காம இழுத்தடிச்சா அதுக்குத் தனியா நாளுக்கு 500 ரூபாய். பிடிச்ச வரியைக் கட்டாம விட்டா 276பி பிரிவுல மூணு மாசத்துலேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல்னு 2025-ல இருந்துச்சு. அந்தக் காலாண்டுக்கான அறிக்கைக் கடைசித் தேதிக்குள்ள பணத்தைக் கட்டிட்டா வழக்கு கிடையாதுன்னு 2024 அக்டோபர்லேர்ந்து ஒரு தளர்வு கொடுத்திருக்காங்க. இதையெல்லாம் உங்க முதலாளியை மிரட்டறதுக்காகச் சொல்லல. அவர்கிட்ட இதைப் பத்திப் பேசும்போது, நீங்க கேக்கிறது அவருக்கும் பணம் மிச்சமாகுற விஷயம்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்காகத்தான்.

நீங்களே பார்த்துக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம்

வருமான வரி தளத்துல லாகின் பண்ணி, இ-ஃபைல் மெனுவுல இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், அதுக்குள்ள வியூ ஃபார்ம் 26ஏஎஸ். அது ட்ரேசஸ் தளத்துக்குக் கூட்டிட்டுப் போகும். மதிப்பீட்டு ஆண்டைச் சரியா தேர்ந்தெடுங்க. 2024-25 சம்பளத்துக்கு 2025-26. நிறைய பேர் இங்கதான் தப்பு பண்ணிட்டு "என்னோட டிடிஎஸ் காணோம்" அப்படின்னு பதறுவாங்க.

முதல் பகுதியில உங்க கம்பெனி பேர், டான், பக்கத்துல மூணு தொகை இருக்கும்: உங்களுக்குக் கொடுத்தது, பிடிச்சது, டெபாசிட் பண்ணது. கடைசி ரெண்டும் சமமா இருக்கணும். கம்பெனி பேர் மேல இருக்கிற கூட்டல் குறியை அமுக்கினா மாச வாரியா விரியும். அதுல ஸ்டேட்டஸ்னு ஒரு காலம். 'எஃப்' அப்படின்னு இருந்தா சலானும் அறிக்கையும் பொருந்திடுச்சு, நிம்மதியா தூங்கலாம். 'யூ' அப்படின்னு இருந்தா அறிக்கையில சொன்ன பணம் துறைக்கு வந்ததாத் தெரியல. ஒண்ணு கட்டல, இல்லைன்னா சலான் விவரத்தைத் தப்பா போட்டிருக்காங்க. வரியே இல்லைன்னா அறிக்கையே போகல.

அதே வரியில பிரிவு எண்ணையும் பாருங்க. இது யாரும் சொல்றதில்ல. சம்பளம்னா 192 இருக்கணும். 194ஜே அப்படின்னு இருந்தா உங்க கம்பெனி உங்களை ஊழியரா காட்டல, வெளியிலேர்ந்து சேவை செய்ற புரொஃபஷனலா காட்டியிருக்கு. 10 சதவீதம் மொத்தமா பிடிச்சிருப்பாங்க. உங்களுக்கு ஃபார்ம் 16 வராது, 16ஏ வரும். சம்பளக்காரங்களுக்கான நிலையான கழிவு கிடையாது, ஐடிஆர்-1 போட முடியாது. பிஎஃப், கிராஜுவிட்டி பேச்சே இல்ல. ஆஃபர் லெட்டர்ல ஊழியர், அட்டெண்டன்ஸ்ல ஊழியர், லீவு கேக்கும்போது ஊழியர், வரி அறிக்கையில மட்டும் கன்சல்டன்ட். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் காலாண்டுலயே இதைப் பார்த்துட்டா பேசித் திருத்தலாம். மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா ஒண்ணும் பண்றதுக்கில்ல.

எப்ப பார்க்கணும்? காலாண்டு அறிக்கைத் தேதி முடிஞ்சு ஒரு பத்து நாள் விட்டு. ஆகஸ்ட் நடுவுல, நவம்பர் நடுவுல, பிப்ரவரி நடுவுல, ஜூன் நடுவுல. வருஷத்துக்கு நாலு தடவை, தடவைக்கு அஞ்சு நிமிஷம். அந்தத் தம்பி பிப்ரவரியிலயும் ஜூன்லயும் பார்த்திருந்தா, முதல் மூணு காலாண்டு சரியா இருக்கு, நாலாவது மட்டும் இல்லைன்னு ஐடிஆர் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். இதனாலதான் ஏப்ரல், மே மாசத்துலயே ரீஃபண்ட் ஆசையில ஐடிஆர் போடாதீங்கன்னு நம்ம சேனல்ல கத்திக்கிட்டே இருக்கேன். 2025-ல கடைசித் தேதியே ஜூலை 31-லேர்ந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப் போச்சு.

டிடிஎஸ் குறையுது. இப்ப என்ன?

முதல்ல ஒரு கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லுங்க. உங்க சம்பளத்துலேர்ந்து பிடிச்சாங்களா, இல்லையா? பிடிக்கவே இல்லைன்னா அந்த வரி உங்க பொறுப்பு. முதலாளி பிடிக்காதது அவர் தப்புதான், அவருக்குத் தனியா வட்டி உண்டு. ஆனா வரியை நீங்கதான் கட்டணும். பிடிச்சுட்டுக் கட்டலைன்னா கதை வேற.

205-வது பிரிவு ஒரே வரியில விஷயத்தை முடிக்குது. வரி பிடித்தம் ஆன அளவுக்கு, அதே வரியை ஊழியர்கிட்ட நேரடியா கேக்கக் கூடாது. இதை வலியுறுத்தி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1-ல அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் கொடுத்தது. அப்புறமும் நோட்டீஸ் போய்க்கிட்டே இருந்ததால 2016 மார்ச் 11-ல மறுபடியும் ஒரு குறிப்பாணை. கோர்ட்டுகளும் இதையே சொல்லியிருக்கு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ்ல பைலட்டா இருந்த ஒருத்தர் சம்பளத்துல பிடிச்ச வரி அரசாங்கத்துக்குப் போகல. டிமாண்ட் அவர் தலையில விழுந்தது. 2021-ல குஜராத் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2023-ல டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போய், டிமாண்ட் கேக்கக் கூடாதுங்கிறது மட்டுமில்ல, வேற வருஷத்து ரீஃபண்டையும் அதுக்காகப் பிடிச்சுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு.

சட்டம் உங்க பக்கம். ஆனா சிபிசி கம்ப்யூட்டருக்கு 205-வது பிரிவு தெரியாது. அது 26ஏஎஸ்-ல இருக்கிற தொகையை மட்டும் பார்க்கும். அதனால இன்டிமேஷன் வரும், டிமாண்ட் வரும், ரீஃபண்டை அட்ஜஸ்ட் பண்றோம்னு மெயில் வரும். அப்ப உங்களைக் காப்பாத்தப் போறது உங்க கையில இருக்கிற காகிதம்தான். பன்னிரண்டு மாசப் பே ஸ்லிப், பிடித்தம் போக மீதிச் சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட், அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர். பிடிச்சாங்கன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. இதனால பே ஸ்லிப்பை மாசா மாசம் உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பி வச்சுக்கோங்க. ஆபீஸ் மெயில்லயே விட்டுட்டு வேலையை விட்டதும் ஐடி முடக்கப்பட்டவங்க கதை என்கிட்ட நிறைய இருக்கு. வாய் வார்த்தையா "உன் சம்பளத்துல வரி பிடிச்சுக்கிட்டேன்" அப்படின்னு சொல்ற இடத்துல இருந்தீங்கன்னா, பே ஸ்லிப் இல்லாம ஒரு மாசம் கூட விடாதீங்க.

அந்தத் தம்பி என்ன பண்ணார்னு சொல்றேன். முதல்ல போர்டல்ல பெண்டிங் ஆக்‌ஷன்ஸ் பகுதியில, அவுட்ஸ்டாண்டிங் டிமாண்டுக்கு "ஒத்துக்கல" அப்படின்னு பதில் போட்டோம். காரணம், பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட் இணைச்சோம். அவரோட வரி அதிகாரிக்கு 205-வது பிரிவையும் வாரியத்தோட ரெண்டு உத்தரவையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம். மூணாவதா, முதலாளிக்கு ஒரு மெயில். அவர் ரொம்பத் தயங்கினார். "சார் நல்லவர்தான் அக்கா, சண்டை மாதிரி ஆயிடும்" அப்படின்னார். அதனால சண்டை மாதிரி ஆகாத மெயில் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன். இந்த மாதிரி:

"வணக்கம் சார். எனக்கு வருமான வரித் துறையிலேர்ந்து 12,090 ரூபாய்க்கு டிமாண்ட் வந்திருக்கு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாசம் என் சம்பளத்துல பிடிச்ச டிடிஎஸ் 26ஏஎஸ்-ல வரல. நாலாவது காலாண்டு 24க்யூ போட்டாச்சான்னு நம்ம ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க சார். போட்டிருந்தா என் பான் நம்பரை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்க. போடலைன்னா நாளுக்கு 200 ரூபாய் லேட் ஃபீஸ் ஏறிக்கிட்டே இருக்கும்னு கேள்விப்பட்டேன். பே ஸ்லிப் இணைச்சிருக்கேன்."

கடைசிக்கு முந்தின வரிதான் வேலை செஞ்சது. லேட் ஃபீஸ் ஓடிக்கிட்டு இருக்குன்னு அவர் ஆடிட்டர் அவர்கிட்ட சொல்லவே இல்ல போல. டிசம்பர்ல கட்டினாங்க, அறிக்கை போட்டாங்க, பத்துப் பதினஞ்சு நாள்ல 26ஏஎஸ்-ல 48,360 முழுசா வந்துடுச்சு. அதுக்கப்புறம் ரெக்டிஃபிகேஷன்ல "ரிட்டர்னை மறுபடி பிராசஸ் பண்ணுங்க" அப்படின்னு ஒரு கோரிக்கை போட்டதும் டிமாண்ட் பூஜ்யம் ஆச்சு.

மெயில் வேலை செய்யலைன்னா? டான் நம்பர் வச்சு அந்த கம்பெனி எந்த டிடிஎஸ் அதிகாரி வரம்புல வருதுன்னு போர்டல்ல "நோ டான் டீடெயில்ஸ்" பகுதியில பார்க்கலாம். அந்த அலுவலகத்துக்கு எழுத்துல புகார் கொடுக்கலாம். போர்டல்லயே கிரீவன்ஸ் போடலாம். கம்பெனியை மூடிட்டு முதலாளி காணாமப் போயிட்டார்னா, டிமாண்டைத் தடுக்க முடியும், ஆனா ரீஃபண்ட் வர வேண்டியிருந்தா அதை வாங்கறது கஷ்டம். துறைக்கு வராத பணத்துக்கு கிரெடிட் கேட்டு அதிகாரிகளோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்துல உங்க ஊர்ல ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடிங்க, யூடியூப் பார்த்து வேலை ஆகாது. என் வீடியோவைப் பார்த்தும் ஆகாது.

ஃபார்ம் 16 இல்லைங்கிறதுக்காக மட்டும் ஐடிஆர் போடாம இருக்காதீங்க. பே ஸ்லிப்பை வச்சே சம்பளத்தைக் கூட்டிப் போடலாம். கடைசித் தேதியைத் தவற விட்டா லேட் ஃபீஸ் உங்க பாக்கெட்லேர்ந்துதான் போகும், முதலாளி பாக்கெட்லேர்ந்து இல்ல.

எல்லா நேரமும் முதலாளி மேல தப்பு இருக்காது

பிராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசுல நானே ஒரு 24க்யூ-வுல ஒருத்தரோட பான்ல ரெண்டு எண்ணை இடம் மாத்தி அடிச்சுட்டேன். அவரோட வருஷ டிடிஎஸ் அவர் கணக்குல வரல. அவர் முதலாளிகிட்ட கேக்க, முதலாளி என்கிட்ட கத்த, நான் சலானை எல்லாம் எடுத்துக் காட்டி "கட்டியாச்சு சார்" அப்படின்னு சாதிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பான் கண்ணுல பட்டது. திருத்த அறிக்கை போட்டுச் சரி பண்ணேன், அந்த மனுஷர் கிட்ட மன்னிப்பும் கேட்டேன். அதனால டிடிஎஸ் குறைஞ்சா எடுத்தவுடனே சந்தேகப்படாதீங்க, முதல்ல பானைச் சரிபார்க்கச் சொல்லுங்க.

இந்தத் திருத்த அறிக்கைக்கும் இப்ப எல்லை வந்தாச்சு. முன்னாடி எத்தனை வருஷம் பழைய அறிக்கையையும் திருத்தலாம். 2025 ஏப்ரல் 1-ல, அந்த அறிக்கை போட வேண்டிய நிதியாண்டு முடிஞ்சு ஆறு வருஷத்துக்குள்ளதான்னு ஒரு எல்லை கொண்டு வந்தாங்க. முந்தின கம்பெனியில விட்டுப்போன டிடிஎஸ் ஏதாவது இருக்கான்னு உங்க பழைய 26ஏஎஸ் எல்லாத்தையும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பார்த்துடுங்க.

உங்க பக்கத்துலயும் கொஞ்சம் வேலை இருக்கு. எந்த வரி முறைன்னு வருஷ ஆரம்பத்துலயே எழுத்துல சொல்லுங்க, சொல்லலைன்னா புது முறைன்னு எடுத்துப்பாங்க. பழைய முறைன்னா ஃபார்ம் 12பிபி-யும் ஆதாரங்களும் கேக்கும்போதே கொடுங்க. வருஷ வாடகை ஒரு லட்சம் தாண்டினா வீட்டுக்காரர் பான் வேணும். பான் கொடுக்கலைன்னா சம்பளத்துல 20 சதவீதம் பிடிக்க வேண்டி வரும்.

நடுவுல வேலை மாறினவங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். 2024-25-ல மாசம் 80,000 வாங்கினவர் அக்டோபர்ல அதே சம்பளத்துக்கு வேற கம்பெனிக்குப் போறார்னு வச்சுக்கோங்க. வருஷ வரி 40,040. முதல் கம்பெனி ஆறு மாசத்துக்கு 20,020 பிடிச்சிருக்கும். ரெண்டாவது கம்பெனிக்குத் தெரிஞ்சது அவங்க கொடுக்கிற 4,80,000 மட்டும்தான். அதுக்குத் தள்ளுபடி போக வரியே வராது, ஒரு ரூபாய் கூடப் பிடிக்க மாட்டாங்க. ரெண்டு முதலாளியும் அவங்கவங்க அறிக்கையைச் சுத்தமா போட்டிருப்பாங்க, ரெண்டு ஃபார்ம் 16-ம் சரியா இருக்கும். ஆனா ஐடிஆர் போடும்போது 20,020 ரூபாய் வட்டியோட உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். சேர்ந்த மாசமே ஃபார்ம் 12பி-யில பழைய சம்பளத்தையும் பிடித்தத்தையும் சொல்லியிருந்தா புது கம்பெனியே சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கும்.

2025-26-லேர்ந்து புது முறையில சம்பளம் 12,75,000 வரைக்கும் வரி இல்லைங்கிறதால, இந்தக் கதையில வந்த 80,000 சம்பளக்காரருக்கு இனிமே பிடித்தமே இருக்காது. "அப்ப எனக்கு ஃபார்ம் 16 தர மாட்டாங்களா?" அப்படின்னு இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பிடித்தம் இருந்தாத்தான் அது கட்டாயம். பிடித்தம் இல்லைன்னா சின்ன கம்பெனிகள் பெரும்பாலும் தர மாட்டாங்க. வீட்டுக் கடனுக்கோ விசாவுக்கோ தேவைப்படும்னு நினைச்சா, முதலாளிகிட்ட வருஷக் கடைசியில ஒரு சம்பளச் சான்றிதழாவது கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, பே ஸ்லிப்போட சேர்த்து.

26ஏஎஸ் ஸ்கிரீன்ல எதை அமுக்கணும், 'எஃப்', 'யூ' எங்க வரும்னு இந்த வாரம் வீடியோவுல காட்டியிருக்கேன். ஜூன் 15 தாண்டிடுச்சு, உங்க நாலாவது காலாண்டு வந்திருக்கான்னு இன்னைக்கே பார்க்கலாம்.